பதினாலாம் கட்டிலில் எண்பது

நான் ஓய்வு பெற்ற அன்று வேலைத்தலத்தில் கேக் வெட்டினோம். அப்போது புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். சோதனைப் பெட்டியை மேலே கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் ஏன் வாட்டு மேசையில் கையெழுத்து வைக்க வேண்டும், ஏன் அறைக் கதவில் சிவப்பு எச்சரிக்கை மட்டை தொங்கவிட வேண்டும், இந்தச் சடங்கையெல்லாம் எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான் என்று. பகிடியாகத்தான் கேட்டார். என் வாய் நிறையக் கேக் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பிவிட்டேன். அந்தப் புண்ணியவான் நான்தான்.

ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறேன். இருந்தாலும் காலை ஐந்தரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் மாடிக் குடியிருப்பின் யன்னலால் பார்த்தால் லோரன்ஸ் வீதியில் முதல் பஸ் போவது தெரியும். எழும்பி, ரீ ஊற்றிக்கொண்டு, போக இடமில்லாமல் இருக்கிறேன். நான் ஏங்குவது வேலைக்காக என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வேலையில் பாதியை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. வேலைக்குப் போன பாதையும், அந்தப் பாதையில் என்னை ஏற்றிக்கொண்டு போன ஒருத்தியும்தான் எனக்கு வேண்டியிருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பதிலும் அவளோடுதான் இருக்கிறது.

அவள் பெயர் ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை. நான்காம் மாடி இருதய வாட்டில் நேர்ஸ். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, தெரிந்தாலும் பனியில் ஓட்டத் துணிவில்லை. அவளுடைய காலை வேலையும் என்னுடையதும் ஒத்துவருகிற நாட்களில், ஆறரைக்கு எங்கள் கட்டடத்து வாசலில் வந்து நிற்பாள். ஹோர்ன் அடிக்க மாட்டாள், நான் இறங்கி வரும்வரை செபமாலை சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கதவைத் திறந்ததும் செபத்தை அந்த மணியிலேயே நிறுத்தி, "இரும், சூடு இன்னும் வரேல்ல, காலை மடக்கிக்கொண்டு இரும்" என்பாள். அந்தக் காரில் சூடு வருவதற்கும் ஆஸ்பத்திரி வருவதற்கும் எப்போதும் சரியாக இருக்கும். ஒன்பது வருடம் அப்படிப் போனோம். நாங்கள் கதைக்காத விசயம் இல்லை.

எங்கள் தொழிலை வெளியாட்களுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு உங்களுக்கும் இருக்கும். என் மச்சாளுக்கு இருபது வருடமாக நான் "ஆஸ்பத்திரியில ரீவி திருத்திறவ". ஜெசிக்கு மட்டும் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. நோயாளியின் துடிப்பைத் திரையில் காட்டுகிற மொனிற்றர்களை நான் பழுதுபார்த்துக் கவனித்தேன், அந்த மொனிற்றர்களை நம்பி அவள் நோயாளிகளைக் கவனித்தாள். அவளுடைய வாட்டில் நோயாளிகள் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடப்பதில்லை. கழுத்தில் ஒரு சிறிய பெட்டியை மாட்டிவிடுவார்கள். எழும்பி நடந்தாலும் அந்தப் பெட்டி துடிப்பை வானொலி மாதிரி அனுப்பும், அது வாட்டு மேசையில் உள்ள பெரிய திரையில் கட்டில் இலக்கத்துக்கு நேரே கோடாக ஓடும்.

அந்தக் கழுத்துப் பெட்டிகளைப் பரிசோதிக்க நமக்கு ஒரு சோதனைப் பெட்டி இருக்கிறது. மனித இதயத்தைப் போலப் பொய்த் துடிப்புக் கொடுக்கும். நிமிடத்துக்கு எண்பது, ஒழுங்கான துடிப்பு. ஜெசி அதற்குக் கந்தையா அண்ணை என்று பெயர் வைத்திருந்தாள். "வாட்டில இருக்கிற எல்லாரும் கந்தையா அண்ணை மாதிரி எண்டால் நான் கதிரையில இருந்து ஸ்வெற்றர் பின்னலாம்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவர் இருமுவதில்லை, முனகுவதில்லை, உண்பதில்லை, சாவதுமில்லை.

அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. நான்காம் மாடியின் ஆபத்துப் பட்டியலைத் தயாரித்தது நான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மூன்று கேள்வி: இது பழுதானால் யாருக்கு என்ன ஆகும், பழுதானது உடனே தெரியுமா, தெரியாவிட்டால் எவ்வளவு நேரம் தெரியாமல் இருக்கும். நல்ல பட்டியல்தான். மற்ற மாடிக்காரரும் அதைப் பார்த்து எழுதினார்கள். வருடத்துக்கு ஒருமுறை நேர்ஸ்மாருக்கு நான் வகுப்பும் எடுத்தேன். "திரையை நம்பாதேங்கோ, ஆளைப் பாருங்கோ" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம். அந்தப் பட்டியலில் கந்தையா அண்ணைக்கு இடமே இருக்கவில்லை. அவர் நோயாளியைத் தொடுவதில்லையே, அவரால் யாருக்கு என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுத்துப் பெட்டியைச் சோதிக்கமுதல், வாட்டு மேசையில் சொல்லி அதன் கட்டில் இலக்கத்தைத் திரையிலிருந்து கழற்ற வேண்டும். விதி அப்போதும் இருந்தது, கடதாசியில். மேசையில் இருப்பவர்களுக்கு எப்போதும் தலைபோகிற வேலை. கேட்டால் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து நான் கேட்பதை விட்டேன். பெட்டியைக் கீழே வேலைத்தலத்துக்குக் கொண்டுபோகாமல், வாட்டின் கோடியில் உள்ள சாமான் அறைக்குள் வைத்தே சோதிப்பேன். கட்டில் வெறுமையாக இருக்கிற நேரம் பார்த்துத்தானே எடுக்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். அதைக் கெட்டித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் அது சரியென்று ஆகிவிட்டது.

அது ஒரு வியாழக்கிழமை. பதினாலாம் கட்டிலின் கழுத்துப் பெட்டி இடைக்கிடை விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று முறைப்பாடு. அந்தக் கட்டில்காரர் காலையில் வீட்டுக்குப் போய்விட்டார். நான் பெட்டியை எடுத்துச் சாமான் அறைக்குள் கந்தையா அண்ணையோடு இணைத்தேன். விட்டுவிட்டு வருகிற பழுதைப் பிடிக்க ஒரு மணித்தியாலமாவது ஓடவிட வேண்டும். ஓடவிட்டுக்கொண்டிருக்கும்போது சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து அழைப்பு. நடுச் சிகிச்சையில் மொனிற்றர் நின்றுவிட்டது, உடனே வா என்றார்கள். அறையைச் சாத்திவிட்டு ஓடினேன். மேசையைத் தாண்டித்தான் ஓடினேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

நான் போய்ப் பத்து நிமிடத்தில் அவசரப் பிரிவிலிருந்து ஒரு கிழவரைக் கொண்டுவந்து பதினாலாம் கட்டிலில் விட்டார்கள். அவர் கழுத்தில் ஏற்கனவே ஒரு பெட்டி இருந்தது. அது அவசரப் பிரிவின் பெட்டி, எங்கள் வாட்டின் திரைக்கு அதைத் தெரியாது. அன்று ஜெசியின் கையில் ஐந்து நோயாளிகள். அவள் கிழவரின் கழுத்தில் பெட்டியைக் கண்டாள். மேசைக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். பதினாலுக்கு நேரே எண்பது, ஒழுங்கான கோடு. பெட்டியின் இலக்கத்தையும் திரையின் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், அது அவளுடைய பங்கு. அதைச் செய்யவில்லை. "மொனிற்றரில் இருக்கிறார், எண்பது, ஒழுங்கு" என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுபோன பெண்தான் கண்டாள். கிழவர் ஒரு பக்கம் சரிந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். ஜெசி ஓடிப்போய் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். மற்றவர்களும் ஓடினார்கள், உயிர்காக்கும் கருவிகளோடு அவசர வண்டி வந்தது, ஆளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அமளியில் மேசைத் திரையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பிழைத்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று கிழமைக்குப் பிறகு மகளின் கையைப் பிடித்து நடந்து வீட்டுக்குப் போனார். ஆனால் அந்த வியாழக்கிழமை அது ஒருவருக்கும் தெரியாது.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்கும்போது ஒலிபெருக்கியில் அவசர அழைப்பு, நான்காம் மாடி, பதினாலு என்று கேட்டது. வேலையை முடித்து மேலே ஏறும்போது பகல் ஒன்றேகால். சாமான் அறையைத் திறந்தேன். கந்தையா அண்ணை எண்பதில் போய்க்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. பிறகு அதை நிறுத்தினேன். வயர்களைச் சுற்றினேன். பெட்டியைத் தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, மின்தூக்கியில் இறங்கிப் போனேன்.

பிள்ளைகள், இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாகப் படியுங்கள். அறையைச் சாத்திவிட்டு ஓடியது கவனக்குறைவு. கவனக்குறைவை யாரும் மன்னிப்பார்கள், ஒருநாள் நீங்களும் விடுவீர்கள். துணியைப் போட்டது கவனக்குறைவு இல்லை. அந்தத் துணியை எடுத்தபோது எனக்கு வயது ஐம்பதுக்கு மேல், இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில், கையில் இருபது வருட நல்ல பெயர். பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. வருடாவருடம் வகுப்பு எடுத்த நானே இப்படியா என்று ஊர் கேட்குமே, அந்த வெட்கம்தான் என் கையைப் பிடித்து இழுத்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை தொடங்கியது. கிழவரின் கழுத்தில் இருந்த பெட்டி வாட்டுத் திரைக்குத் தெரியாததாயிற்றே, பிறகு பதினாலில் எண்பது எப்படி ஓடும்? பக்கத்தில் பதினைந்தாம் கட்டில்காரருக்கும் எண்பதுக்குக் கிட்டத்தான் ஓடியது. அவசரத்தில் நேர்ஸ் ஒரு வரி தள்ளிப் பார்த்துவிட்டாள் என்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். ஜெசி தான் பதினாலைத்தான் பார்த்தேன் என்று நின்றாளாம். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம், அதுவரை வீட்டில் இரு என்று அவளை அனுப்பிவிட்டார்கள். திரையின் நினைவகத்தில் உள்ள பதிவை எடுத்து அறிக்கை எழுதும் பொறுப்பு எங்கள் வேலைத்தலத்துக்கு வந்தது. அந்த மாடி யாருடைய மாடி? என்னுடையது. கடிதம் என் மேசைக்குத்தான் வந்தது.

பதிவை வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டேன். எதிர்பார்த்ததுதான் அதில் இருந்தது: பதினாலுக்கு நேரே, கிழவர் செத்துப் பிழைத்த நேரம் முழுவதும், எண்பது. திங்கட்கிழமைதான் தருவேன் என்று சொல்லி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணியிருக்கும். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஜெசி.

"ராஜி, உம்மட்ட ஒண்டு கேக்கவேணும். பதினாலில எண்பது ஓடினதை நான் கண்டனான். வடிவாக் கண்டனான். மெஷினில ஏதும் பிழை இருந்திருக்குமோ?"

"பார்க்கிறன் ஜெசி," என்றேன். "திங்கட்கிழமை பார்த்துச் சொல்லுறன்."

"சரி. நீர் பார்த்தால் எனக்குப் பயமில்லை."

வைத்துவிட்டாள். வெங்காயத்தை உரித்து முடித்தேன். கறியும் வைத்தேன். அன்று அந்தக் கறியைச் சாப்பிட்டவர்கள் நல்லாயிருக்கிறது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் தலைக்குள் அறிக்கை எழுதினேன். நாங்கள் இருவருமே தப்புகிற மாதிரி ஒரு வசனம் கிடைத்தது. அலைவரிசைக் குழப்பம். பக்கத்துக் கட்டிலின் சமிக்ஞை பதினாலின் வரியில் ஏறிவிட்டது, காரணம் உறுதியாகத் தெரியவில்லை, தொடர்ந்து கவனிக்கிறோம். யாரும் மறுத்துப் பேச முடியாது. ஜெசி கண்டது சரியென்று ஆகும், நான் அறைக்குள் விட்டது ஒருவருக்கும் தெரியாது. இதில் யாருக்கு நட்டம் என்று என்னை நானே கேட்டேன். என் பட்டியலின் மூன்று கேள்விகளையும் அந்த வசனத்திடம் கேட்டுப் பார்த்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். பொய்க் காரணத்தை எழுதினால், உண்மையான ஆபத்து அதே அறைக்குள் அப்படியே இருக்கும். அடுத்த கிழமை இன்னொருவர் அதே கெட்டித்தனத்தைச் செய்வார். அடுத்த கிழவரைச் சாப்பாட்டுத் தட்டு நேரத்துக்குப் போய்க் காப்பாற்ற வேண்டியிருக்கும். இது எனக்கு ஞாயிற்றுக்கிழமை தோன்றவில்லை. இன்று எழுதும்போது நல்ல வடிவாகத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை ஆறரைக்கு வாசலில் கார் இல்லை. பஸ்ஸில் போனேன். பதிவுத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அந்த வசனத்தைத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினேன். எங்கள் மேற்பார்வையாளர் கயானாவில் பிறந்தவர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் கிரிக்கெட்தான். அவர் கோப்பிக் கோப்பையோடு என் பின்னால் நின்று அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த மனிதன் ஒன்றரை மணித்தியாலம் மூச்சே விடவில்லைப் போலிருக்கிறது," என்றார்.

அனுபவம் உள்ளவருக்கு அது போதும். உயிருள்ள மனிதரின் கோடு மூச்சோடு ஏறி இறங்கும், திரும்பிப் படுத்தால் நடுங்கும். என் தாளில் இருந்தது அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரி இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் என்னைக் கேள்வி கேட்கவில்லை, திட்டவில்லை, நானே எழுதுகிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு போகவுமில்லை. கூட்டம் பத்துக்கு, இப்போது ஒன்பது, தான் கீழே பற்றறி எண்ணப் போவதாகச் சொன்னார். பற்றறிகளைப் போன வெள்ளிக்கிழமைதான் எண்ணியிருந்தோம். அந்த ஒரு மணித்தியாலத்தை அவர் எனக்கு விட்டுக்கொடுத்தார். உங்களில் யாராவது பிற்காலத்தில் மேற்பார்வையாளராக வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிடித்துக் கொடுத்திருந்தால் நான் பிடிபட்டவளாக மட்டும் இருந்திருப்பேன்.

எழுதியதை அழித்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். பெட்டியை எடுத்த நேரம், இலக்கத்தைக் கழற்றாமல் விட்டது, அறையைச் சாத்தியது, ஒன்றேகாலுக்குத் திறந்து நிறுத்தியது, துணி, எல்லாம். கூட்டத்தில் அதை நானே வாசித்தேன். ஜெசி மேசையின் அந்தப் பக்கம் சீருடை இல்லாமல், சாதாரண உடுப்போடு இருந்தாள். வாசித்து முடித்ததும் ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கிழவரின் மகளை வரச்சொல்லி நானே சொல்ல வேண்டும் என்று கேட்டேன், விட்டார்கள். அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று: அவ்வளவு நேரமும் நீங்கள் எல்லோரும் ஒரு பெட்டியையா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? ஓம் என்றுதான் சொல்ல முடிந்தது.

என்னை வேலையால் நிறுத்தவில்லை. கோப்பில் கடிதம் வைத்தார்கள், வகுப்பு எடுப்பதை நிறுத்தினார்கள். கையெழுத்தும் சிவப்பு மட்டையும் அந்தக் கிழமையே வந்தன. சோதனைப் பெட்டிக்கு ஆபத்துப் பட்டியலில் ஒரு பக்கம் ஒதுக்கி நானே எழுதினேன். அதற்குப் பிறகு பதினொரு வருடம் வேலை செய்தேன். அந்த மாடியில் அப்படி ஒன்று திரும்ப நடக்கவில்லை. மட்டையைத் தொங்கவிடும்போது உங்களுக்கு அலுப்பாக இருக்கும். அலுத்துக்கொண்டாவது தொங்கவிடுங்கள்.

தொழில் பாடம் இத்தோடு முடிந்தது. ஆனால் நான் எழுத வந்தது இத்தோடு முடியவில்லை.

ஜெசியைக் குற்றமில்லை என்று சொல்லி, இலக்கம் ஒப்பிடாததற்கு ஒரு சின்னக் கண்டிப்போடு திரும்ப எடுத்தார்கள். அவள் வேலைக்கு வந்த முதல் நாள் ஆறேகாலுக்கே நான் வாசலில் போய் நின்றேன். ஏழு மணிவரை நின்றேன். பிறகு பஸ்ஸில் போய், வாட்டில் மருந்து வண்டிக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மாத்திரைகளை எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பிழை எல்லாரும் விடுறதுதான். அதுக்கு நான் கோவிக்கேல்ல. சனிக்கிழமை நான் கேக்கேக்க உங்களுக்குத் தெரியும்தானே?"

ஒன்பது வருடம் என்னை உரிமையோடு நீர் என்றவள் அன்று, அந்நியரிடம் சொல்வது போல, உங்களுக்கு என்றாள்.

"ஓம்," என்றேன்.

தலையை ஆட்டினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கோபமாகக் கத்தியிருந்தால் நானும் கத்தி, அழுது, இரண்டு கிழமையில் சமாதானமாகியிருப்போம். எங்கள் ஆட்களுக்கு அது கைவந்த கலை. அவள் கத்தவில்லை. சில மாதத்தில் ஏஜக்ஸ் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டாள், வீட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். இடையில் ஒருமுறை அஜின்கோர்ட்டில் மரக்கறிக் கடையில் கண்டேன். சுகம் விசாரித்தாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், முருங்கைக்காய் நல்லதாக வந்திருக்கிறது என்றும் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று என் மனுசனுக்குக்கூடத் தெரியாது.

எனக்கு அவளை வேணும். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. சூடு வராத காரில் காலை மடக்கிக்கொண்டு இருக்க வேணும். அவள் பாதியில் நிறுத்திய செபத்தை ஆஸ்பத்திரிக் கார்த் தரிப்பிடத்தில் முடிக்கும்வரை வெளியே குளிரில் காத்து நிற்க வேணும். ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும் என்கிறார்கள். என் மகள் என்னை நீச்சலுக்குச் சேர்த்துவிட்டிருக்கிறாள். தண்ணீருக்குள்ளும் நான் அவளோடுதான் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதமுதல் அவளிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். போன மாதம் தெரிந்த ஒருவரிடம் இலக்கம் வாங்கிப் போன் எடுத்தேன். நாலு தடவை மணி அடித்தபிறகு எடுத்தாள். இப்போது கிழமைக்கு இரண்டு நாள்தான் வேலையாம், முழங்கால் கொஞ்சம் தொந்தரவாம். புதுப் பிள்ளைகளுக்கு அந்த வியாழக்கிழமையைப் பற்றி எழுதப் போகிறேன், உங்கள் பெயரை மாற்றிவிடவா என்று கேட்டேன். என்னையறியாமல் நானும் மரியாதை கொடுத்துத்தான் கதைத்தேன். ஏன் மாத்த வேணும், நான் என்ன களவோ எடுத்தனான் என்றாள். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். சரி, வைக்கட்டோ என்றவள், வைக்கவில்லை.

"சனிக்கிழமை காலமை நான் கண் டொக்டரிட்டப் போனனான். அது உங்களுக்குத் தெரியாது. எல்லாரும் நான் பிழையாப் பார்த்தனான் எண்டு சொல்ல, என்ர கண்ணிலதான் ஏதோ பிழை எண்டு நினைச்சுப் போனனான். எல்லா எழுத்தையும் வாசிச்சன். கண் நல்லா இருக்கு, கண்ணாடிகூடத் தேவையில்லை எண்டு சொல்லிச்சினம். அதுக்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடிச்சது. கண் சரியெண்டால் பிழை என்ர மண்டைக்குள்ள எல்லே. வெளிய வந்து காருக்குள்ள இருந்துகொண்டுதான் உங்களுக்குப் போன் எடுத்தனான்."

முழங்காலுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பதினொரு வருடமாக, திங்கட்கிழமை ஒன்பது மணிக்காவது உண்மையை எழுதினேனே என்று என்னை நான் தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தத் திங்கட்கிழமை என் நினைவுக்கே வருவதில்லை. வெங்காய மணத்தோடு அந்தப் போன் இன்னொருமுறை அடிக்காதா என்றுதான் இருக்கிறது. எடுப்பேன். அவள் கேட்டு முடிக்கமுதலே சொல்லிவிடுவேன். வேலை போகட்டும், வகுப்பு போகட்டும், பெயர் போகட்டும். ஓம் ஜெசி, நீர் கண்டது சரி.